உப்பேறிய வயலும் ஒரு டச்சுக் கடலோர ஊரும்

கேள்வி: “வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. புயலில் கடல் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏறி வந்து நின்றதிலிருந்து நெல் சரியாக வரவில்லை. நட்ட இருபதாம் நாளே இலை நுனி காய்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் இறால் குட்டைக்குக் கொடுத்துவிட்டார். என்னையும் கேட்கிறார்கள். கடல் மட்டத்துக்குக் கீழேயே விவசாயம் செய்கிற நாடு ஒன்று உண்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அவர்கள் வயலில் கடல் புகுந்தால் என்ன செய்வார்கள்? நான் நிலத்தை வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா?”
— கடைமடை விவசாயி ஒருவர்

பதில்: அன்பு நண்பரே, கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. உங்கள் மண்ணை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட நடுக்கேள்விக்குப் பதிலாக ஒரு ஊரைக் காட்ட முடியும். அந்த ஊரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் மகள் நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்தில் வேலையில் இருக்கிறாள். போன ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் அங்கே போய் ஒரு மாதம் இருந்தோம். எல்லோரும் துலிப் தோட்டத்தையும் காற்றாலையையும் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு வெஸ்ட்கபெல்லே போக வேண்டும் என்றேன். மகளுக்கே அந்தப் பெயர் தெரியவில்லை. மண்ணியல் படித்த காலத்தில் உவர் நிலத்தைப் பற்றிய பாடத்தில் வால்கெரன் என்ற பெயர் வரும். அந்த வால்கெரனின் மேற்குக் கோடி முனையில், கடலுக்குள் மூக்கை நீட்டியதுபோல இருக்கிற ஊர்தான் வெஸ்ட்கபெல்லே. ஜீலாந்து மாகாணம். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர்.

மிட்டல்பர்க் வரை ரயில், அங்கிருந்து பஸ். மிட்டல்பர்க் என்றதும் நம் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்தது அல்லவா? அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கிளைகளில் ஒன்று இந்த மிட்டல்பர்க்கில்தான் இருந்தது. நம் கரைத் துணியை ஏற்றிப்போன கப்பல்களில் எத்தனையோ இந்த முனையைக் கடந்துதான் போயிருக்கும்.

பஸ் போகும் வழியெல்லாம் வயல்தான். கோதுமை, உருளை, வெங்காயம், சர்க்கரைப் பீட்ரூட். ஒவ்வொரு வயலையும் சுற்றி ஒரு வடிகால். நம் ஊரில் வயலுக்கு வாய்க்கால் வெட்டுவது தண்ணீர் கொண்டுவர. அங்கே வெட்டுவது தண்ணீரை வெளியேற்ற. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

ஊருக்குள் இறங்கியதும் கடல் தெரியாது. வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மேடுதான் தெரியும். புல் போர்த்திய ஏரிக்கரை மாதிரி, ஆனால் எந்த ஏரிக்கரையையும்விடப் பெரியது. படியேறி மேலே போய் நின்றால் அந்தப் பக்கம் கடல். கடல் ஏறும் நேரத்தில் அதன் மட்டம் ஊர்த் தரையைவிட உயரத்தில் நிற்கிறது. என் மனைவி ஒரு முறை கடலைப் பார்த்தாள், ஒரு முறை கீழே வீட்டு ஓடுகளைப் பார்த்தாள். “இங்கே எப்படிங்க ராத்திரி தூங்குறாங்க?” என்றாள்.

வால்கெரனின் மற்ற கரைகளில் மணல்மேடு உண்டு. இந்த முனையில் மட்டும் கடல் அந்த மணல்மேட்டை அரித்துத் தின்றுவிட்டது. 1223-லேயே நகர உரிமை பெற்ற ஊர் இது. அந்தப் பழைய ஊரையும் கடல் கொண்டுபோய்விட, மக்கள் உள்ளே தள்ளிக் குடியேறினார்கள். 15ஆம் நூற்றாண்டில் இந்த அணைக்கரையைப் போட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு ஊரின் தொழிலே கரைதான். வெஸ்ட்கபெல்லே ஆட்கள் என்றால் கரை வேலையில் கைதேர்ந்தவர்கள் என்று அந்த நாடு முழுக்கப் பெயர்.

கரை வேலையில் வைக்கோலுக்கு இருந்த இடத்தைச் சொன்னால் நம் ஆட்கள் நம்ப மாட்டார்கள். கல் பதிக்க வசதி வருவதற்கு முன்னால், களிமண் கரையின்மேல் வைக்கோலைப் பரப்புவார்கள். பிறகு வைக்கோல் புரியைக் கவை போன்ற ஒரு கருவியால் களிமண்ணுக்குள் குத்தி இறக்கி, பாய் தைப்பதுபோல வரிசையாகத் தைப்பார்கள். குளிர்காலப் புயல் அலை களிமண்ணைக் கரைக்காமல் அந்த வைக்கோல் பாய் காக்கும். அது கிழிந்தால் அடுத்த பருவத்துக்கு முன் மறுபடியும் தைக்க வேண்டும். கடலடியில் மண் அரிக்காமல் இருக்க வில்லோ மரக் கொம்புகளைக் கட்டுக்கட்டாகப் பின்னி, கல்லை ஏற்றி மூழ்கடிப்பார்கள். கரையோரத்தில் வரிசை வரிசையாக மரக் கம்பங்களைக் கடலுக்குள் நட்டிருக்கிறார்கள். மணல் அடித்துப் போகாமல் தடுக்கும் அந்தக் கம்பங்கள் இன்றும் நிற்கின்றன. இப்போது சுற்றுலா வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் செலவு யார் செய்தது? கரைக்குள் நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டும். தண்ணீர் வாரியம் என்று அதற்குத் தனி அமைப்பு. அந்த நாட்டில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இது இருக்கிறது. இன்றைக்கும் தனித் தேர்தல், தனி வரி. நம் பக்கத்துக் குடிமராமத்தின் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். வட கடல் ஓரத்தில் பழைய காலத்தில் ஒரு கடுமையான வழக்கமும் இருந்தது. தன் பங்குக் கரையைப் பராமரிக்க வழியில்லாதவன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடலாம். யார் அதைப் பிடுங்குகிறாரோ அவருக்கு அந்த நிலமும் சொந்தம், கரைக் கடனும் சொந்தம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த மண்வெட்டி ஞாபகம் வந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது 1944-க்கு வருவோம். இரண்டாம் உலகப்போர். பெல்ஜியத்தில் இருக்கிற ஆன்ட்வெர்ப் துறைமுகத்தை நேசப் படைகள் செப்டம்பர் மாதமே பிடித்துவிட்டன. ஆனால் கப்பல் உள்ளே போக வேண்டிய ஸ்கெல்ட் ஆற்று வாயைக் காவல் காத்துக்கொண்டு வால்கெரனில் ஜெர்மன் பீரங்கிகள் இருந்தன. அவற்றை முடக்கத் தீவையே மூழ்கடிப்பது என்று முடிவானது. அக்டோபர் 2ஆம் தேதி விமானத்திலிருந்து எச்சரிக்கைத் துண்டுத்தாள்கள் போட்டார்கள். மறுநாள், அக்டோபர் 3, பிரிட்டிஷ் குண்டு விமானங்கள் 200-க்கும் மேல் வந்து வெஸ்ட்கபெல்லே கரையை உடைத்தன. நானூறு ஐந்நூறு ஆண்டுகளாகத் தைத்துத் தைத்துக் காத்த கரை ஒரு மதியத்தில் போய்விட்டது. ஊரில் 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஒரு மாவு ஆலைக்குள் ஒளிந்தவர்கள், அதன் வாசல் இடிந்து அடைபட்டு, உள்ளே ஏறிய தண்ணீரில் மூழ்கினார்கள். கரையை உடைத்தவர்கள் எதிரிகள் இல்லை, விடுவிக்க வந்தவர்கள். அந்த ஊர்க்காரர்கள் அந்த இரண்டையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

அடுத்த ஒரு வாரத்தில் தீவின் மற்ற பக்கங்களிலும் கரை உடைக்கப்பட்டது. மொத்தம் நான்கு இடம். நவம்பர் 1ஆம் தேதி பிரிட்டிஷ் கமாண்டோ படை அந்த உடைப்பின் ஓரத்திலேயே கரையேறியது. மாதக் கடைசியில் ஆன்ட்வெர்ப்புக்குக் கப்பல் போக ஆரம்பித்தது. போர் முன்னே போய்விட்டது. வால்கெரன் விவசாயிகளுக்குக் கடல் நின்றது.

நின்றது என்பதுகூடச் சரியில்லை. நம் பக்கம் சுனாமியிலும் புயலிலும் கடல் ஏறி வந்து, தேங்கி, வடிந்தது. அங்கே ஏறக்குறைய ஓராண்டு காலம் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் வயலுக்குள் வந்து போய்க்கொண்டே இருந்தது. ‘ஜீலாந்தின் தோட்டம்’ என்று பெயரெடுத்த தீவு அது. பழமரங்கள், முள்வேலி எல்லாம் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின. வேலிச் செடிகளில் சிப்பி ஒட்டியது. மண்புழு முழுவதும் செத்தது. வடிகால்கள் சேறு மூடி, எது வயல் எது வாய்க்கால் என்று தெரியாமல் போனது. உடைப்பும் அலை அறுத்து அறுத்து அகலமாகிக்கொண்டே வந்தது. 1945 அக்டோபர் 12ஆம் தேதி வெஸ்ட்கபெல்லே உடைப்பை மூடினார்கள். பழைய கப்பல்களையும், போருக்காகச் செய்த பெரிய கான்கிரீட் பெட்டிகளையும் மூழ்கடித்து, வில்லோ கொம்புப் பாய்களைப் போட்டு மூடியது. கடைசி உடைப்பு 1946 தொடக்கத்தில்தான் அடைபட்டது.

இனிமேல்தான் உங்களுக்கான பகுதி.

கடல் போனபிறகு அவர்கள் முதலில் ஜிப்சம் மூட்டையைப் பிரிக்கவில்லை, ஏரைப் பூட்டவும் இல்லை. முதல் வேலை வடிகால். சேறு மூடிய வாய்க்கால்களைத் தோண்டித் திறந்தார்கள். காரணம் எளிது. உப்பு தானாக எங்கும் போகாது. தண்ணீரில் கரைந்து, தண்ணீரோடுதான் வெளியேற வேண்டும். மழை மேலிருந்து உப்பைக் கரைத்துக் கீழே தள்ளும். கீழே தள்ளியதை வடிகால் வாங்கிக்கொண்டு போக வேண்டும். வடிகால் இல்லையென்றால் மழைக்காலத்தில் கீழே போன உப்பு கோடையில் மறுபடி மேலே ஏறும். வெள்ளையாகப் பூத்து நிற்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது, களிமண்ணின் குணம். கடல் உப்பில் சோடியம் அதிகம். அது களிமண்ணில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் தான் ஒட்டிக்கொள்கிறது. மழை பெய்து கரையும் உப்பெல்லாம் போனபிறகும் இந்த ஒட்டிய சோடியம் போகாது. அப்போதுதான் மண் குழைந்து, ஈரத்தில் பசையாகவும் காய்ந்தால் ஓடாகவும் மாறும். உவர் நிலம் களர் நிலமாகிற இடம் அது. இந்தக் கட்டத்துக்குத்தான் ஜிப்சம். அதில் உள்ள கால்சியம் சோடியத்தைக் கழற்றிவிடும். கழன்றதை மறுபடியும் தண்ணீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். ஜீலாந்தில் ஜிப்சத்தை ஏராளமாகப் போட்டார்கள். ஈரத்தில் நிலத்தை மிதிக்காதே, உழாதே, ஆழமாகப் புரட்டாதே என்பது கூடவே வந்த கட்டளை. முதலில் வந்த பயிர்களில் பார்லி முக்கியம். உப்பைத் தாங்குகிற தானியம் அது. பீட்ரூட்டும் தாங்கும். பயறு வகைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அவை பின்னால்தான் வந்தன.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் மண் மாதிரி எடுக்கிற வேலையில் நானும் இருந்தேன். ஒரு பெரியவர் நிலத்துக்கு ஜிப்சம் சிபாரிசு செய்தேன். அவர் கடன் வாங்கி வண்டிக்கூலி கொடுத்துக் கொண்டுவந்து இறைத்தார். அடுத்த போகமும் பயிர் காய்ந்தது. மறுபடி போய்ப் பார்த்தால், அவர் வயல் வடிய வேண்டிய வாய்க்கால் இரண்டு வயல் தள்ளி மணல் மூடி அடைபட்டுக் கிடக்கிறது. வயலை மட்டும் பார்த்தேன், வயலின் வாசலைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. “அடுத்த தடவை வாய்க்காலோட நடந்து வாங்க சார்” என்றார், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அவரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து வாய்க்காலைத் திறந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பாதி வேலையைச் செய்தது.

வால்கெரனிலும் ஒருவர் மட்டும் தன் வயலைத் திருத்தியிருக்க முடியாது. போருக்கு முன்பு அங்கேயும் நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. கடல் வந்து வரப்பை அழித்ததை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, 1947-ல் தனிச் சட்டமே போட்டு நிலங்களை ஒன்றுசேர்த்துப் பிரித்தார்கள். புதுச் சாலை, புது வடிகால். எல்லோருக்கும் போதிய நிலம் வராததால் சில விவசாயக் குடும்பங்களுக்குக் கடலிலிருந்து மீட்ட நூர்டோஸ்ட்போல்டர் என்ற வேறு பகுதியில் பண்ணை கொடுத்து அனுப்பினார்கள். போனவர்களும் உண்டு என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலத்தை விட்டவன் தோற்றவன் என்று நான் எழுதுவதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

நல்ல தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால்கெரன் முழுக்க ஒரே மண் இல்லை. பழைய உப்பாறுகள் ஓடிய தடங்களில் மணல் படிந்து மேடாக நிற்கிறது. அந்த மேடுகளுக்கு அடியில், உப்புத் தண்ணீருக்கு மேல் மழைத்தண்ணீர் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, அதனால் மேலே நிற்கும். வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு எழும்பி வரும். செருஸ்கெர்க்கே என்ற ஊருக்குப் பக்கத்தில் குளிர்கால மழைநீரை இந்த மேட்டுக்குள் இறக்கிச் சேமித்துக் கோடையில் எடுக்கிற சோதனையும் செய்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்து மணல்மேட்டுக் குட்டைகளும் இதே கதைதான். மேலாக ஊறுகிற தண்ணீர் இனிக்கும், ஆழ்துளை போட்டால் கரிக்கும். அந்தக் குட்டையை ஆழப்படுத்தாதீர்கள், வேண்டுமானால் அகலப்படுத்துங்கள்.

அந்தத் தீவுக்காரர்களும் எப்போதும் புத்திசாலிகளாக இருந்துவிடவில்லை. பழைய காலத்தில் ஜீலாந்தில் நிலத்தடியில் கிடந்த கரிமண்ணைத் தோண்டி எரித்து அதிலிருந்து உப்பு எடுத்து விற்றார்கள். நல்ல காசு. தோண்டிய நிலம் தாழ்ந்துபோய்க் கடலுக்கு வசதியாக ஆயிற்று. அப்போதைய இறால் குட்டை அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பீர்கள். ஊர் நடுவில் ஒரு பெரிய சதுரக் கோபுரம், உச்சியில் சிவப்பு விளக்குக் கூண்டு. 15ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் கோபுரம் அது. 1831-ல் தேவாலயம் எரிந்துபோனது, கோபுரம் மட்டும் கலங்கரை விளக்கமாக இன்றும் எரிகிறது. பியெட் மோன்ட்ரியான் என்ற உலகப் புகழ்பெற்ற ஓவியர் இதை வரைந்திருக்கிறார். கரையின்மேல் 1875-ல் வைத்த சின்ன இரும்பு விளக்கம் ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாக. பக்கத்தில் போர்க்கால டாங்கி ஒன்றை நினைவுக்காக நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடுகிறார்கள். கரைக்கும் போருக்கும் ஒரு அருங்காட்சியகம் உண்டு. அந்தப் பக்கம் பெரிய கப்பல்கள் கரைக்கு மிக அருகில், கையை நீட்டினால் தொடலாம்போல ஆன்ட்வெர்ப்புக்குப் போகின்றன. கோடையில் வால்கெரன் ஊர்களில் கொழுத்த வண்டிக்குதிரைமேல் சேணமில்லாமல் உட்கார்ந்து, ஓடுகிற ஓட்டத்தில் தொங்கும் சின்ன வளையத்தை ஈட்டியால் குத்தி எடுக்கிற போட்டி நடக்கும். டிராக்டர் வந்தபிறகும் இதற்காகவே குதிரை வளர்க்கிறார்கள். நம் ரேக்ளாக்காரர்களுக்கு இது புரியும்.

எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. கரைக்கு உள்பக்கம், ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நீர்நிலை இருக்கிறது. 1944-ல் கரை உடைந்தபோது கடல் குடைந்த பள்ளம் அது. முழுதாகத் தூர்க்காமல் விட்டுவிட்டார்கள். நாங்கள் போன அன்று அதன் ஓரத்தில் குடும்பங்கள் துண்டை விரித்து உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளிப் பசேலென்று வயல்.

சரி, உங்கள் இரண்டரை ஏக்கர். எதையும் முடிவு செய்வதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது.

உங்கள் வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடைசி வரை நடந்து பாருங்கள். கடல் தண்ணீர் ஏறிய அதே வாய்க்கால்தான் உங்களுக்கு வடிகாலும் என்றால், கடல் ஏறும்போது மூடவும் வற்றும்போது திறக்கவும் மதகு வேண்டும். அது இல்லாமல் மற்றது எல்லாம் வீண். அது ஒருவர் செய்கிற வேலையும் இல்லை. கிராமசபையில் எழுதிக் கொடுங்கள், பாசனத்தாரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

பக்கத்துக் குட்டைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். குட்டைக்கும் உங்கள் வரப்புக்கும் நடுவில் ஊறல் நீரை வாங்கிப் போக ஒரு பள்ளம் அவசியம். அது இல்லையென்றால் நீங்கள் கழுவக் கழுவ அங்கிருந்து உப்பு வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது மண் பரிசோதனை. மழைக்கு முன், நிலம் காய்ந்திருக்கும்போது எடுங்கள். ஒரே இடத்தில் எடுக்காமல் வயலில் எட்டுப் பத்து இடத்தில் அரை அடி ஆழம் வெட்டி, கலந்து அரைக் கிலோ. அதேபோல் அதற்குக் கீழே ஒரு அடி ஆழம் வரை தனியாக இன்னொரு மாதிரி. வெள்ளை பூத்த இடத்தைச் சேர்க்காமல் தனிப் பையில் கட்டுங்கள். பாசனத் தண்ணீர் ஒரு பாட்டில். மின் கடத்துதிறன், கார அமில நிலை, ஜிப்சம் தேவை மூன்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். மின் கடத்துதிறன் மட்டும் அதிகமாக இருந்து கார நிலை 8.5-க்குக் கீழே இருந்தால் அது வெறும் உவர். மழையும் வடிகாலும் போதும், ஜிப்சத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கார நிலை 8.5-க்கு மேல் போனால் களர். அப்போது சோதனையில் சொன்ன அளவு ஜிப்சம், தண்ணீர் கட்டி வடித்தல், பிறகு தக்கைப்பூண்டு மடக்கி உழுதல், டி.ஆர்.ஒய். 3 போன்ற உப்பு தாங்கும் நெல் என்று வரிசையாகப் போகலாம். இரண்டு மூன்று போகம் பிடிக்கும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள், அதுவும் கணக்கில் வர வேண்டும்.

முன்பணம் எதையும் இப்போது வாங்க வேண்டாம். முடிவுத்தாள் கைக்கு வந்ததும் நகல் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு மறுபடி பேசலாம்.